நடுக்கதவைப் பூட்டியவள்

விடுதிப் பிள்ளைகள்தான் அவளுக்கு ஒயர் அக்கா என்று பெயர் வைத்தார்கள். எந்நேரமும் தோளில் ஒரு சுருள் ஒயரும் வாயில் ஒரு திருகாணியுமாகத் திரிகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அவள் உடம்பு தானாகக் குறுகும். இரண்டு கைகளும் தலைக்கு மேல் போய்விடும். அந்தப் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அடித்த ஆள் ஒருத்தன் இருந்தான்.

அவன் அவள் கணவன். கடைவீதி மாடியில் இரண்டு அறை எடுத்து கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தினான். முன்னறையில் டை கட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களிடம் சிரித்துப் பேசுவது அவன் வேலை. பின்னறையில் உட்கார்ந்து நிரல் எழுதுவது அவள் வேலை. கடைக்காரர்களுக்குப் பில் போடும் இணையப் பக்கங்களைத்தான் அதிகம் செய்தார்கள். பக்கத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் எக்ஸெல் தாளில் பில் தயாராகி அச்சாக வேண்டும். பக்கத்தை அவள் பி.எச்.பி.யில் எழுதினாள். அது இணையப் பக்கத்துக்கென்றே பிறந்த மொழி. எக்ஸெலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விண்டோஸில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு நிரல் இன்னொன்றைப் பெயர் சொல்லி எழுப்பி வேலை வாங்கலாம். "எந்திரி. ஒரு தாளை எடு. இந்தக் கட்டத்துல இதை எழுது. அச்சடி. கிளம்பு." இவ்வளவுதான். கடைசியில் வரும் அந்தக் "கிளம்பு"வைச் சொல்ல மறந்தால், எழுப்பப்பட்டது போகாது. திரையில் தெரியாமல் உள்ளேயே குந்திக்கொண்டிருக்கும். அடுத்த பில்லுக்கு இன்னொன்று எழும்பும், அதற்கடுத்ததற்கு இன்னொன்று. மத்தியானத்துக்குள் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இடமில்லாமல் போய் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறும்.

முதல் தடவை அப்படி ஆனபோது ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் நேரில் வந்து, நாலு பேர் முன்னால் அவள் கணவனைக் கிழித்துத் தொங்கவிட்டார். அவன் பல்லைக் காட்டிக்கொண்டே, "ஒரு நிமிஷம் சார்" என்று பின்னறைக்கு வந்தான். அவள் வலது கையைப் பிடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்து, முழங்காலால் இழுப்பறையை அழுத்தி மூடினான். முன்னறையில் ஆள் இருந்ததால் அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்ததில் ரத்தம் விசைப்பலகையில் சொட்டியது.

"தொடச்சிட்டு வேலையப் பாரு" என்றான்.

இடது கையால் தட்டித் தட்டித் தவறைக் கண்டுபிடித்தாள். "கிளம்பு" வரியைச் சேர்த்தாள். முன்னறையில் அவன், "நான்தான் சார் கண்டுபிடிச்சேன், சின்ன விஷயம்" என்று சொல்வது காதில் விழுந்தது.

இப்படியே ஆறேழு வருஷம் கற்றாள். எதைக் கற்றுக்கொண்டபோது எந்த இடத்தில் அடி விழுந்தது என்று அவள் உடம்புக்கு நினைவிருந்தது. பழைய நிரல் பாகத்துக்கும் புதிய விண்டோஸுக்கும் ஒத்துவராது என்பது முதுகில். ஒரு பாகத்தைக் கணினியில் பதிவு செய்யாவிட்டால் அதைக் கூப்பிட முடியாது என்பது விலா எலும்பில். கடைசியாக ஒருநாள் அவன் விசைப்பலகையையே எடுத்துக் காதோடு சேர்த்து அறைந்தான். எழுத்துகள் பொரி மாதிரி தரையெங்கும் சிதறின. இடது காதில் ஒரு விசில் சத்தம் வந்து, பிறகு அதுவும் நின்றுபோனது. அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவள் எழுந்து படியிறங்கினாள். ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் அவனுடையது. அதைக்கூட ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லித்தான் பார்த்தாள். அந்த நர்ஸ்தான் விடுதிக்கு வழி சொன்னார்.

அடி தாங்காமல் ஓடி வந்த பெண்களுக்கான விடுதி அது. நடத்தியவர் ஒரு முன்னாள் பஸ் கண்டக்டர். விடுதியம்மா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். குரல் தெருமுனை வரை கேட்கும். சாப்பாட்டு நேரத்தில்கூட, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் காலியாத்தானே கெடக்கு" என்றுதான் வரிசையை நகர்த்துவார். வாசலில் செக்யூரிட்டி அண்ணன். முழங்கால் தேய்ந்தவர், உட்கார்ந்தால் எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டும். ஆனால் ஒரு முகத்தைப் பார்த்தால் மறக்க மாட்டார்.

காது ஆறியதும் விடுதியம்மா கேட்டார். "உனக்கு என்ன வேலைம்மா தெரியும்?"

"விண்டோஸுக்குள்ள இருக்கறதை வெப் பக்கத்துலேர்ந்து கூப்பிடத் தெரியும்மா."

"கூப்பிட்டா வருமா?"

"அடிக்காம கூப்பிட்டா வரும்."

விடுதியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்னறையில் தூசி படிந்து கிடந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். கதவுகளுக்கெல்லாம் யாரோ நன்கொடையாகக் காந்தப் பூட்டு போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆனால் பூட்டவும் திறக்கவும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார வேண்டும். புருஷன்மார் யாராவது கலாட்டா செய்ய வந்தால் நேரே நுழைவது அந்த அறையில்தான். பூட்டுகிற இடத்திலேயே திருடன் வந்து நிற்பான் என்றால் பூட்டு எதற்கு?

ஒயர் அக்கா வேலையில் இறங்கினாள். பூட்டை இயக்க, பூட்டுக் கம்பெனி விண்டோஸுக்கென்று ஒரு நிரல் பாகம் மட்டும் கொடுத்திருந்தது. பி.எச்.பி.யிலிருந்து அதைக் கூப்பிட்டாள், வரவில்லை. பதிவு செய்து கூப்பிட்டாள், வந்தது, பேசவில்லை. அதோடு ஒத்துவரும் பழைய பி.எச்.பி.யைத் தேடிப் போட்டாள், பேசியது. முதல் தடவை தன் செல்போனில் பொத்தானை அமுக்கி, கீழே முன்னறைக்கும் கூடத்துக்கும் இடையிலிருந்த நடுக்கதவு "டக்" என்று பூட்டிக்கொண்ட சத்தத்தை நல்ல காதால் கேட்டபோது, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். அடி விழாமல் ஓடிய அவளுடைய முதல் நிரல் அது.

ஒரு குறை மட்டும் இருந்தது. அந்தப் பாகத்துக்குச் சந்தேகம் வந்தால் திரையில் ஒரு சின்னப் பெட்டியைப் போட்டுக் கேள்வி கேட்கும். யாராவது 'சரி' என்று அமுக்கும்வரை சொன்ன வேலையைச் செய்யாது. பின்னால் வருகிற உத்தரவுகளையும் வரிசையில் நிறுத்திவிடும். கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள், பதில் இல்லை. அதனால் செக்யூரிட்டி அண்ணனிடம் சொல்லி வைத்தாள். "அண்ணே, பெட்டி எதுவும் வந்துச்சுன்னா படிக்கவே வேணாம், சரின்னு அமுக்கிடுங்க."

"அதான் என் வீட்டுலயும் பண்றேன்" என்றார் அவர். அன்றிலிருந்து பெட்டி வந்தபோதெல்லாம் தவறாமல் அமுக்கினார்.

டயர் கடைக்காரன் வந்தது ஒரு மத்தியானம். அவன் மனைவி, தையல்காரி, இரண்டு பிள்ளைகளோடு விடுதிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வரும்போது அவளுக்குத் தாடை விலகியிருந்தது. கஞ்சியை உறிஞ்சித்தான் குடித்தாள். பகலில் பிள்ளைகள் முற்றத்துக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்பதால் நடுக்கதவைப் பூட்டாமல் சாத்தி மட்டும் வைப்பது வழக்கம்.

மாடியில் ஒயர் அக்கா கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது கீழே இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். ஒரு வேன் வெளிக்கதவைப் பிய்த்துக்கொண்டு முற்றத்துக்குள் பாதி வந்து நின்றிருந்தது. செக்யூரிட்டி அண்ணன் கையை நீட்டித் தடுத்துக்கொண்டு போனார். வேனிலிருந்து குதித்த ஆள் கையில் டயர் கழற்றும் நெம்புகம்பி. ஒரு வார்த்தை பேசவில்லை. வீசிய வேகத்தில் அண்ணனின் தொப்பி பறந்தது. அவர் முழங்கால் மடங்கி விழுந்த பிறகும் இன்னொரு அடி தலையில் இறங்கியது. அந்தச் சத்தத்தை ஒயர் அக்கா ரொம்ப நாளைக்குக் காய்கறி வெட்டும்போதெல்லாம் கேட்டாள்.

செல்போனை எடுத்து 'எல்லாக் கதவையும் பூட்டு' என்ற பொத்தானை அமுக்கினாள். திரையில் சக்கரம் சுற்றியது. மறுபடி அமுக்கினாள். சுற்றிக்கொண்டே இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இணைப்பு அறுந்திருந்தால் சக்கரம் சுற்றாது, தவறு என்று சொல்லிவிடும். சுற்றுகிறது என்றால் உத்தரவு போய்ச் சேர்ந்துவிட்டது. பாகம் பெட்டியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறது. காலையில் கரண்ட் போய் வந்ததில் பூட்டின் கடிகாரம் குழம்பியிருக்கும். 'சரி' அமுக்குகிற மனிதர் முற்றத்தில் ரத்தத்தில் கிடந்தார்.

"எங்கடி அவ? வெளிய வரச் சொல்லு!" முன்னறையிலிருந்து கத்தல் கேட்டது. பிறகு இரும்பின் மேல் இரும்பு மோதும் சத்தம். பெண்களின் அலறல். அதற்கெல்லாம் மேலே விடுதியம்மாவின் குரல்: "தள்ளுங்கடி! எல்லாரும் தள்ளுங்க!"

ஒயர் அக்கா வெளிப்படிக்கட்டு வழியாக ஓடினாள். நான் ஏன் போகிறேன், நான் ஏன் போகிறேன் என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது, கால்கள் நிற்கவில்லை. பக்கவாட்டுக் கதவைத் தள்ளி முன்னறைக்குள் நுழைந்தாள்.

அவன் முதுகைக் காட்டி நின்றான். நடுக்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடைவெளியில் நெம்புகம்பியைக் கொடுத்துக் கிளப்பிக்கொண்டிருந்தான். உள்ளிருந்து பத்துப் பதினைந்து பெண்கள் சாய்ந்து தள்ளினார்கள். கதவு விளிம்பில் விடுதியம்மாவின் நாலு விரல்கள் தெரிந்தன. அவன் கம்பியைத் திருப்பி அவற்றின் மேல் இறக்கினான். எலும்பு நொறுங்கியது. விடுதியம்மா ஊளையிட்டார், ஆனால் தோளை எடுக்கவில்லை. கம்பி மறுபடி இடுக்கில் ஏறியது.

மேசை கவிழ்ந்து கிடந்தது. திரை சுவரில் சாய்ந்து இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் அந்தச் சின்னப் பெட்டி: 'நேரம் பொருந்தவில்லை. தொடரலாமா?' விசைப்பலகை தன் ஒயரிலேயே தொங்கி ஆடியது.

உடனே பாய்ந்து அமுக்கியிருக்கலாம். ஆனால் கம்பி இடுக்கில் இருக்கும்வரை கதவு முழுதாகச் சாத்தாது. சாத்தாத கதவைக் காந்தம் பிடிக்காது. அவன் கம்பியை உருவ வேண்டும். அதற்கு அவன் வேறு யாரையாவது அடிக்க வேண்டும்.

"டேய்!" என்று கத்தினாள். ஒரு ஆம்பளையைப் பார்த்து அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அன்றைக்குத்தான். "பொட்டச்சிங்ககிட்ட வீரத்தைக் காட்டறியா? நான்தான்டா உன் பொண்டாட்டிய ஒளிச்சு வெச்சேன். இங்க வாடா!"

அவன் திரும்பினான். முகத்தில் கோபம்கூட இல்லை. வேலைக்கு நடுவில் யாரோ கூப்பிட்ட சலிப்புத்தான் இருந்தது. கம்பியை உருவிக்கொண்டு வந்தான். பின்னால் கதவு 'தடால்' என்று சாத்திக்கொண்டது. அவள் விசைப்பலகைக்குக் குனிந்தாள். முதல் அடி இடது முழங்கைக்கு மேல் விழுந்தது. கை தனியாகக் கழன்று வேறு யாருடையதோ போலத் தொங்கியது. வலது கையால் பெரிய என்டர் விசையைக் குத்தினாள். பெட்டி மறைந்தது.

டக். டக். டக்.

நடுக்கதவு பூட்டிக்கொண்டது. முன்கதவு பூட்டிக்கொண்டது. அவள் வந்த பக்கக்கதவும் பூட்டிக்கொண்டது. 'எல்லாக் கதவையும்' என்றுதானே அவளே எழுதி வைத்திருந்தாள்!

அவன் நடுக்கதவை ஒரு முறை உதைத்துப் பார்த்தான். அசையவில்லை. பிறகு அவள் பக்கம் வந்தான். இரண்டாவது அடி இடுப்பில். மூன்றாவதுக்கு அவள் உருண்டாள். தரை ஓடு தெறித்தது. முடியைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். முன்பல் இரண்டு நாக்கில் கிடந்தன. "தெற, தெறடி!" என்றான். அவள் அவன் கையைக் கடித்தாள். உடைந்த பல்லால் கடித்தாலும் கடிதான், பிடி விட்டது. விழுந்த இடத்தில் சுவரில் மாட்டிய தீயணைப்பு உருளை கைக்கு அகப்பட்டது. எப்படி ஊசியை உருவினாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளைத் தூள் அவன் முகத்தில் அடித்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு கம்பியைக் காற்றில் வீசினான். அவள் உருளையை ஒற்றைக் கையால் தூக்கி, உடம்பையும் சேர்த்துச் சுழற்றினாள். அது அவன் காதோரம் பட்டது. மூட்டை மாதிரி விழுந்தான்.

எழுந்திருக்கப் பார்த்தான். முழங்காலில் போட்டாள். விழுந்தான்.

அதற்கு மேல் அவன் எழவில்லை. மூச்சு மட்டும் வாங்கினான். வலது கை தரையில் விரிந்து கிடந்தது. விரல்களுக்குள் இன்னும் கம்பி இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ கத்தினார்கள், நல்ல காதிலும் அது ஏறவில்லை. உருளையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி அந்தக் கையின் மேல் போட்டாள். மறுபடி எடுத்து, மறுபடி போட்டாள்.

விடுதியம்மா நசுங்காத கையால் தன் செல்போனில் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, ஒயர் அக்கா அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயிலிருந்த பற்களைத் துப்பிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் இடது கைக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். முழங்கை இனி மடங்காது என்றார் டாக்டர். செக்யூரிட்டி அண்ணன் பிழைத்தார். ஆனால் நினைவிலிருந்து பெயர்களெல்லாம் போய்விட்டன, விடுதியம்மாவையும் "தம்பி" என்றுதான் கூப்பிட்டார். அவர் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அந்த அம்மா, "சொல்லுங்கண்ணே" என்று நசுங்கிய விரல்களால் அவர் போர்வையை இழுத்துவிடுவார்.

தையல்காரி வார்டுக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று பக்கத்துக் கட்டில் பெண்கூட நகர்ந்து இடம் விட்டாள். அவள் நேரே வந்து கட்டுப்போட்ட முகத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"அவன் கை போச்சுடி! வேலை செய்யற கை! என் புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா, நீ போடுவியா?" நர்ஸுகள் இழுத்துக்கொண்டு போகும்வரை கத்தினாள். ஒயர் அக்காவுக்கு வலியைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

வழக்கு நடந்தது. டயர் கடைக்காரனுக்குச் சிறை கிடைத்தது. அவன் வக்கீல் கெட்டிக்காரர், ரொம்ப நாள் இல்லை. அவன் கையை நசுக்கியதற்காக ஒயர் அக்காமீதும் ஒரு வழக்கு போட்டிருந்தார்கள். நீதிபதி நிதானமாகக் கேட்டார். "ஆள் விழுந்துட்டான். எந்திரிக்கலை. அதுக்கப்புறம் எதுக்கு கையில போட்டீங்க?"

'பயத்தில்' என்று சொல்லச் சொல்லி அவள் வக்கீல் பத்து தடவை பாடம் நடத்தியிருந்தார்.

"கோபத்துல சார்" என்றாள். "அந்தக் கைய எனக்குப் பார்க்கப் பிடிக்கலை."

வக்கீல் நெற்றியைத் தடவிக்கொண்டார். தண்டனை என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஒரு வருஷம் வாராவாரம் போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட்டாள். அங்கிருந்த கம்ப்யூட்டரில் அச்சு வரவில்லை என்று ஒரு நாள் ஏட்டு அவளையே கூப்பிட்டுச் சரிசெய்யச் சொன்னார்.

பூட்டுப் பாகத்தைத் தூக்கி எறிந்தாள். கேள்வி கேட்காத பூட்டு வேண்டும் என்று அலைந்து, வேறொன்று வாங்க வைத்து, புதிதாக எழுதினாள். ஒற்றைக் கையால் அடித்ததில் ரொம்ப காலம் பிடித்தது. ராத்திரிகளில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது வாங்கிய அடிகள் இல்லை. உருளையைத் தூக்கியபோது உடம்பில் ஏறிய அந்தச் சுகம்தான். அதை அவள் விடுதியம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

தையல்காரி, புருஷன் சிறையிலிருந்து வந்ததும், அவனோடு போய்விட்டாள். போகும்போது ஒயர் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மழைக்காலம் கழிந்தது. ஒருநாள் காலையில் வாசல் மணி அடித்தது. தையல்காரி இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பையோடும் நின்றிருந்தாள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது.

"இடது கையால அடிக்கப் பழகிட்டான்" என்றாள்.

ஒயர் அக்கா பையை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே கூடத்தில் சாப்பிட்டார்கள், ஒரே குழாயில் துவைத்தார்கள், பேசிக்கொள்ளவில்லை. தையல்காரிக்கு விடுதியம்மா ஒரு பழைய மிஷினை வாங்கிப் போட்டார். அதன் சத்தம் ஒயர் அக்காவின் வேலை மேசை வரை கேட்கும்.

மடங்காத கையைச் சட்டைக்குள் நுழைக்க ஒயர் அக்கா தினமும் காலையில் படாதபாடு படுவாள். யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவள் சட்டையைக் காணவில்லை. மாலையில் அது வந்து அவள் மடியில் விழுந்தது. இடது கைத் தையலைத் தோள்வரை பிரித்து, ஓரம் மடித்து, வரிசையாகப் பொத்தான் வைத்திருந்தது.

"போட்டுப் பாரு" என்றாள் தையல்காரி, சுவரைப் பார்த்தபடி.

போட்டாள். சுலபமாக ஏறியது. பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டுக் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கொஞ்சம் தொளதொளன்னு இருக்கே."

"அப்ப கழட்டிக் குடு, பிடிச்சுத் தரேன்."

கழற்றிக் கொடுத்தாள்.